கார்டா ஏரிக்கரைல ஒரு வாரமும் மாமாவோட டி.எம்.சி கணக்கும்

மே மாசம் இத்தாலி போயிட்டு வந்தத பத்தி எழுதறேன் எழுதறேன்னு சொல்லியே மூணு மாசம் ஓடிப்போச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங் (ஆர்டர் எடுத்து ஷிப்மென்ட் வரைக்கும் பாக்கற வேலை) பாக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஒரு ஷிப்மென்ட் போனா அடுத்த சாம்பிள், அது போனா ஆடிட், ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா ஏதாவது ஒரு விசேசம், மொய் வெச்சுட்டு வந்து துணி மடிக்கறதுக்குள்ள திங்கக்கெழமை வந்து நிக்கும். அதனால எங்க வீட்டுக்காரரு "ஒரு வாரம் ஏரிக்கரைல சும்மா உக்காந்துட்டு வரலாம், சமையல் கூட வேண்டாம்"னு சொன்னப்ப நான் நம்பல. நம்பாதது சரிதான்னு பின்னால தெரிஞ்சுது.

அவரு 2023ல மிலன்ல நடந்த இட்மா ஜவுளி மெஷின் எக்ஸ்போவுக்கு போனப்ப ஒரு நாள் ட்ரெயின் புடிச்சு கார்டா ஏரிய பாத்துட்டு வந்துருக்காரு. அதுலருந்து அதே பேச்சு தான். இந்த தடவ மாமா, அத்தை (வீட்டுக்காரரோட அப்பா, அம்மா), ரெண்டு புள்ளைங்க, நாங்கன்னு ஆறு பேரு. மாமாவுக்கு 71 வயசு, கோபி பக்கம் கீழ்பவானி பாசனத்துல தோட்டம். கட்டுத்தரைய விட்டுட்டு ஒரு நாள் வெளிய தங்கமாட்டாரு. ஆனா மே மாசம் வாய்க்கால்ல தண்ணி இருக்காது, மறுபடி ஆகஸ்ட் 15 வாக்குல தான் தொறப்பாங்க, மாட்ட பங்காளி வீட்டு பையன் பாத்துக்கறேன்னுட்டான், அதனால சாக்கு சொல்ல ஒண்ணும் கெடைக்கல அவருக்கு. விசா கதைய எழுதுனா அது தனி போஸ்ட் ஆயிரும், விட்டுருவோம்.

கொச்சி, தோகா, மிலன். மிலன்ல இருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பெஸ்கியேரா தெல் கார்டான்னு ஒரு ஊரு, ஏரியோட தெக்கு முனை. ஊர சுத்தி வெனிஸ்காரங்க கட்டுன கோட்டை செவுரு, அதுக்கு யுனெஸ்கோ பட்டமெல்லாம் இருக்குது. ரிசார்ட்டு தண்ணி ஓரமாவே இருந்துச்சு. ஹோட்டல் ரூம் மாதிரி இல்ல, மரத்தடில வரிசையா குட்டி குட்டி வீடு, உள்ள கேஸ் அடுப்பு, பாத்திரம், முன்னால ஒரு மர திண்ணை. அந்த அடுப்ப பாத்தப்பவே எனக்கு திக்குன்னுச்சு.

மொத நாள் வெளிய சாப்பிட்டோம். பிட்சா நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா பில்லுல கொபெர்த்தோன்னு தலைக்கு இவ்வளவுன்னு தனியா போட்டுருந்தாங்க, அது டேபிள்ல உக்காந்ததுக்கு. ஆறு பேரு உக்காந்ததுக்கு காசான்னு அத்தை கேட்டது ரோடு வரைக்கும் கேட்டுருக்கும். ரெண்டாம் நாள் மத்தியானம் மாமா மெதுவா, "ஏனம்மிணி, துளி ரசம் இருந்தா தேவலைங்கற மாதிரி இருக்குது"ன்னாரு. அவ்வளவு தான், சமையல் இல்லாத லீவு முடிஞ்சுது. பருப்பும் பொடியும் ஊர்ல இருந்தே பொட்டணம் கட்டிட்டு போயிருந்தோம், குக்கர் கூட (ஆமா, பொட்டில குக்கர்). பால் சாமானம் கொண்டுபோகக்கூடாதுன்னு ரூல், அதனால நெய் இல்ல, அங்க வெண்ணெய் வாங்கி அத்தை உருக்குனாங்க. அரிசி கடைல வாங்குனோம், வியலோனே நானோன்னு வெரோனா பக்கம் வெளையறது, குண்டு குண்டா இருக்கும், ரிசொட்டோ பண்ற அரிசி. அதுல அரிசியும் பருப்பும் சோறு வெச்சா ஒரே களி. ருசி மட்டும் குறையில்ல.

பிரச்சனை என்னன்னா அந்த ரிசார்ட்டுல மத்தியானம் ஒரு மணில இருந்து மூணு வரைக்கும் அமைதி நேரம். கார் ஓடக்கூடாது, பந்து வெளையாடக்கூடாது, சத்தம் போட்டு பேசக்கூடாது. அந்த நேரத்துல எங்க குக்கர் விசில் அடிச்சுது பாருங்க. பக்கத்து வீட்டு ஜெர்மன்கார பாட்டி வெளிய ஓடி வந்து எங்க அடுப்படிய எட்டிப்பாத்தாங்க (கார்டா பூரா ஜெர்மன்காரங்க தான், கடைல போர்டே ஜெர்மன்ல வெச்சுருக்காங்க). அத்தை சாவகாசமா குக்கர காட்டி, "மூணு விசிலுங்க, இன்னும் ரெண்டு பாக்கி"ன்னு தமிழ்லயே சொன்னாங்க. அந்தம்மா ரெண்டாவது விசில் வரைக்கும் நின்னு பாத்துட்டு சிரிச்சுட்டு போனாங்க. பொறவு பன்னெண்டரைக்குள்ள குக்கர எறக்கிருவோம்.

மாமா கதைக்கு வரேன். வந்த அன்னைக்கு வெடியால எந்திரிச்சு கரைல நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. நாங்க அழகுல மயங்கிட்டாருன்னு நெனச்சோம். திரும்பி பையன கேட்டாரு, "இது எத்தனை டி.எம்.சி சாமி?" டி.எம்.சின்னா நூறு கோடி கன அடி, எங்கூர்ல அணைத் தண்ணிய அளக்கற கணக்கு. எந்த சுற்றுலா தளத்துலயும் இந்த கேள்விக்கு பதில் இல்லீங்க. 370 சதுர கிலோமீட்டரு, நீளம் 50 கிலோமீட்டருக்கு மேல, ஆழம் 346 மீட்டரு, அது எல்லாம் இருக்குது. பையன் கன கிலோமீட்டர் கணக்க எடுத்து போன்ல மாத்தி பாத்தா 1,700 டி.எம்.சிக்கு மேல வருது. எங்க வாய்க்காலுக்கு தண்ணி வர்ற பவானிசாகர் அணை நெறைஞ்சா 32.8. அப்ப ஐம்பது பவானிசாகர்! மாமா அப்படியே திண்ணைல உக்காந்துட்டாரு. அவங்கப்பா காலத்துல, 1950கள்ல அந்த அணையும் வாய்க்காலும் வந்த பொறவு தான் எங்க மானாவாரி காடு நெல்லு வயலாச்சு, முறை தண்ணிக்கு ராத்திரி டார்ச்ச புடிச்சுட்டு நின்ன மனுசன். "இத்தனை தண்ணிய வெச்சுகிட்டு படகு உட்டுட்டு உக்காந்துருக்கறாங்களா"ன்னு கேட்டுட்டு, அடுத்த கேள்வி, "மதகு எங்க?"

தேடிப்பாத்தா நெசமாவே இருக்குது. வடக்க சார்க்கான்னு ஒரு ஆறு உள்ள வருது, தெக்க பெஸ்கியேராலயே மின்சியோ ஆறா வெளிய போகுது. அது போ நதில போயி சேரும். பெஸ்கியேராவுக்கு கீழ கொஞ்ச தூரத்துல சலியோன்செங்கற எடத்துல மதகு கட்டி, ஏரி மட்டத்தையும் மாந்தோவா பக்கத்து பாசனத்தையும் அங்கிருந்து தான் கன்ட்ரோல் பண்றாங்க. ஆத்தோரமா மாந்தோவா வரைக்கும் 40 கிலோமீட்டருக்கு மேல தார் போட்ட சைக்கிள் பாதை. இதுல மாமா கார் வேண்டாம், சைக்கிள்லயே போலாம்னுட்டாரு. வேட்டிய மடிச்சு கட்டி, மேல என் பையன் ஸ்வெட்டர போட்டுகிட்டு, பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்ல முன்னால போறாரு, எங்க வீட்டுக்காரரு பின்னால மூச்சு வாங்கிட்டு போறாரு. எதுக்க வந்தவங்க எல்லாம் கைய ஆட்டிட்டு போனாங்களாம். மதகுகிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து ஷட்டர பாத்துட்டு வந்தாங்க. ராத்திரி சாப்பிடறப்ப மாமா சொன்னது ஒரே வரி, "தலைமதகு சுத்தமா வெச்சுருக்கறாங்க, ஒரு பிளாஸ்டிக் பை கெடையாது."

மத்த எடமெல்லாம் சுருக்கமா. சிர்மியோனேல தண்ணிக்குள்ள நிக்கற கோட்டை, பாக்கலாம், ஆனா மாரியம்மன் பண்டிகை கூட்டம். மால்செசினேல இருந்து மோந்தே பால்தோ மலைக்கு கேபிள் கார், உள்ள நின்னா அதுவே மெதுவா சுத்தி எல்லா பக்கமும் காட்டும். ஏரி கடல் மட்டத்துல இருந்து வெறும் 65 மீட்டர், எறங்கற எடம் 1,760, கொஞ்ச நேரத்துல ஊட்டி குளிரு வந்துருது. லிமோனேங்கற ஊர்ல எலுமிச்சைக்குன்னே மலைச்சரிவுல கல்தூண் வெச்சு படி படியா கட்டிடம் கட்டி, பனிக்காலத்துல பலகை போட்டு மூடி மரத்த காப்பாத்தியிருக்காங்க அந்த காலத்துல. அத்தை அந்த தூண தொட்டு பாத்து, "நம்மூட்டு வேலி ஓரத்துல தண்ணி கூட ஊத்தாம காய்க்குது, இங்க அதுக்கு ஊடே கட்டிருக்கறாங்க"ன்னு ரொம்ப நேரம் சொல்லிட்டே வந்தாங்க. பொண்ணுக்கு புடிச்சது காத்து தான். அங்க காலைல வடக்க இருந்து பெலேர்னு ஒரு காத்து, மத்தியானத்துக்கு மேல தெக்க இருந்து ஓரான்னு இன்னொரு காத்து, நம்ம பாலக்காட்டு கணவாய் காத்து மாதிரி பேரும் நேரமும் வெச்சு அடிக்குது, அத நம்பி தான் பாய்மரக்காரங்க வடக்கு முனைக்கு வராங்க.

குளிக்க நெனைக்கறவங்களுக்கு ரெண்டு விசயம். கரை பூரா கூழாங்கல்லு, ரப்பர் செருப்பு இல்லாம எறங்க முடியாது. மே மாசம் தண்ணி ஐஸு, புள்ளைங்க மட்டும் எறங்குச்சுக. எங்க ரிசார்ட்டு குளத்துல தலைக்கு தொப்பி போடாம விடமாட்டாங்க, மொட்டை போட்டுருந்தாலும் தொப்பி.

நான் என்ன பண்ணுனேன்னு கேட்டா, மொத நாலு நாள் ஊர்ல பண்ணுனதையே பண்ணுனேன். காலைல டிபன், மத்தியானம் சோறு, நடுவுல பையர் மெயில், லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துணி) அப்ரூவல், துணி தொவைச்சு திண்ணைல கொடி கட்டி காயப்போடறது. அஞ்சாவது நாள் ஒரு மணிக்கு அந்த அமைதி நேரம் ஆரம்பிச்சப்ப, சாப்பிட்ட பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குது, மூணு மணிக்கு எந்திரிச்சு கழுவிக்கலாம்னு சும்மா சாஞ்சேன். சைப்ரஸ் மரத்துல காத்து சத்தம், தூரத்துல படகு சத்தம், அவ்வளவு தான். மத்தியானத்துல தூங்கறது எனக்கு பையன் பொறந்து பெத்து கெடந்தப்பதான் கடைசி.

கண்ண தொறக்கறப்ப நாலே கால். யாரும் எழுப்பல. அடுப்படில தண்ணி சத்தம். அத்தைன்னு நெனச்சு தலைய தூக்கி பாத்தா அத்தை என் பக்கத்துல தூங்கறாங்க. மாமா நிக்கறாரு, வேட்டிய மடிச்சு கட்டிட்டு, சத்தம் வராம ஒவ்வொரு தட்டா கழுவி துண்டு மேல கவுத்து வெச்சுட்டு இருக்காரு. குக்கர் அடிப்புடிச்சுருந்துச்சு போல, அத நகத்துல சொரண்டி பாக்கறாரு. கல்யாணமாகி பதினாறு வருசத்துல ஒரு டம்ளர் கழுவி பாத்ததில்ல நான். போட்டோ எடுக்கலாமான்னு போன தேடுனேன். பொறவு வேண்டாம்னு, முழிச்சது தெரியாத மாதிரி திரும்பி படுத்துகிட்டேன்.