ரப்பர் கடை விண்டோஸில் டாக்கர் ஏற்றிய அனுபவம்

குலசேகரத்தில் அத்தானுக்கு ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் வாங்குகிற கடை. யார் எத்தனை கிலோ போட்டார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, எல்லாம் அக்கா எழுதும் நோட்டில்தான். அதற்காக நான் எழுதிய கணக்கு நிரல் என் லினக்ஸ் லேப்டாப்பில் டாக்கர் கண்டெய்னராக (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டும் முறை) நன்றாக ஓடியது. கடையில் இருப்பதோ 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 11 கம்ப்யூட்டர். பில் மென்பொருளும் பிரிண்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன, மாற்ற வழியில்லை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பால்வெட்டு நின்று கடை ஓய்ந்த வாரத்தில் வேலையைத் தொடங்கினேன்.

கண்டெய்னர் தனி இயந்திரம் அல்ல. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், தன் நேம்ஸ்பேஸ் (மற்றவற்றைக் கண்ணில் காட்டாமல் மறைப்பது), சிகுரூப் (ராம், சிபியு அளவுக்கு வரம்பு போடுவது) வசதிகளால் மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கும் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அவ்வளவுதான். விண்டோஸில் அந்தக் கெர்னல் இல்லை. அதனால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 பின்னால் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் உண்மையான லினக்ஸ் கெர்னலை ஓட்டுகிறது. மேக்கிலும் இப்படி ஒரு லினக்ஸ் உள்ளே ஓடத்தான் வேண்டும். எனக்கு வந்த சிக்கல்கள் எல்லாம் விண்டோஸ், லினக்ஸ் என்ற இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவிலிருந்தே வந்தன.

முதல் தடை பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில். மெய்நிகர் இயந்திரத்துக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்தாலே இது தெரியும். அதைப் போட்டபின் உபுண்டு என்ற லினக்ஸும், டாக்கரை விண்டோஸில் ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப்பும் சிரமமில்லாமல் ஏறின. சிறு கடைகளுக்கு டாக்கர் டெஸ்க்டாப் இலவசம்.

அடுத்தது என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தது. தொடக்க ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கண்டெய்னர் நிற்கிறது. நிரல் கோப்புகளைப் பதிப்பு வாரியாக வைத்திருக்கும் கிட், அவற்றை விண்டோஸில் இறக்கியபோது ஒவ்வொரு வரியின் முடிவுக் குறியையும் விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டிருக்கிறது. முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டதால், ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய ஷெல்லின் பெயர் மாறிப்போய், எங்குமே இல்லாத ஒரு ஷெல்லைக் கெர்னல் தேடியது. கிட் அமைப்பில் அந்த மாற்றத்தை நிறுத்தி மறுபடி இறக்கினேன், சரியானது.

ஓடியது, ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒன்பது நொடி. "ஷீட்டு தூக்கிட்டு நிக்கிற ஆளு இவ்வளவு நேரம் பாத்துட்டு நிப்பானாடே?" என்றார் அத்தான். அவர் கேட்டது சரிதான். கோப்புகளை சி டிரைவில் வைத்திருந்தேன். லினக்ஸ் அவற்றை ஒவ்வொரு தடவையும் எல்லை தாண்டிப் போய்த்தான் படிக்க வேண்டும். முழுத் திட்டத்தையும் உபுண்டுவின் ஹோம் கோப்புறைக்கு மாற்றியதும் ஒரு நொடிக்குள் திறந்தது. கணக்கு சேமிக்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் தரவையும் விண்டோஸ் கோப்புறையில் வைக்காதீர்கள், கோப்பு உரிமைச் சிக்கல் வரும். டாக்கர் தானே பராமரிக்கும் சேமிப்பிடமான டாக்கர் வால்யூமில் வையுங்கள்.

டபிள்யூஎஸ்எல் தானாக ராமில் பாதிவரை எடுக்கும். பில் மென்பொருள் திணறியதால், விண்டோஸ் பயனர் கோப்புறையில் டபிள்யூஎஸ்எல்லின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை உருவாக்கி 3 ஜிபி என்று வரம்பு போட்டேன். டபிள்யூஎஸ்எல்லை ஒருமுறை முழுசாக நிறுத்தித் தொடங்கினால்தான் அது எடுபடும்.

இப்போது தினமும் சாயங்காலம் தரவின் நகல் பென் டிரைவுக்குப் போகிறது. அக்கா நோட்டை விடவில்லை. மாதக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறோம்.