ஆடு இல்லாத நேர்ச்சை

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், ராஜஸ்தானில் இருக்கும் நாகௌர் தர்காவுக்குப் போய் ஆடு அறுத்துச் சோறாக்கிப் போடுவதாக உம்மா நேர்ந்திருந்தார்கள். நாங்கள் நாகூர்க்காரர்கள். நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் எஜமான் வாசலிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு அவ்வளவு தூரத்தில் எதற்கு நேர்ச்சை என்று கேட்டேன். "நம்ம ஊரு பேரு மாதிரியே இருக்கே. சாகுறதுக்குள்ள ஒரு தடவை சலாம் சொல்லிட்டு வரணும் வாப்பா" என்றார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் பக்கத்தில் உள்ள பகத் கி கோட்டி வரை வாராந்திர ரயில் இருக்கிறது. ஜனவரி மாதம் அதில் கிளம்பினோம். அங்கிருந்து நாகௌருக்கு, மேர்த்தா ரோடு வழியாகப் பீகானேர் போகும் ரயில். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நாகூரும் நாகௌரும் சட்டென்று மாறிப் போகும். நாகௌரின் நிலையக் குறியீடு என்ஜிஓ. அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்வெட்டரும் கம்பளியும் அவசியம். பாலைவனம் என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைத்திருந்த எங்களுக்கு விடியற்காலைக் குளிரில் பல் கிட்டிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே மணலும் காய்ந்த வயலும், நடுநடுவே ஒற்றை ஒற்றையாய் நிற்கும் மரங்களும். கேஜ்ரி என்றார் எதிரே இருந்தவர். உற்றுப் பார்த்தால் நம் ஊர் வன்னி மரம்தான்.

நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "தர்கா" என்று மட்டும் சொன்னது என் தப்பு. அவர் படே பீர் சாஹிப் தர்காவில் கொண்டுபோய் விட்டார். அதுவும் பெரிய இடம்தான், அங்கேயும் ஒரு பாத்திஹா ஓதிவிட்டுத்தான் வந்தோம். நாங்கள் தேடிப் போனது ஹமீதுத்தீன் நாகௌரி அடங்கியிருக்கும் தர்கா. தார்கீன் தர்கா என்று கேட்டால் சரியாகக் கொண்டுபோய் விடுவார்கள். அவர் அஜ்மீர் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தியின் சீடர். உலகத்தைத் துறந்தவர்களின் சுல்தான் என்ற பொருளில் 'சுல்தானுத் தாரிகீன்' என்ற பட்டம் அவருக்கு உண்டு. 1274-இல் மறைந்தார்.

வாசலில் போய் நின்றதும் உம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். கல்லில் எழும்பிய உயரமான நுழைவாயில், முழுக்கச் செதுக்கு வேலை. முகம்மது பின் துக்ளக் காலத்து வாசல் இது. அதிலுள்ள கல்வெட்டின் ஆண்டு 1333.

அடக்கத்தலத்தில் ஜியாரத் முடித்து, யாசீன் ஓதி, அப்புறம் அங்கிருந்த பெரியவரிடம் நேர்ச்சை விஷயத்தைச் சொன்னேன். என் அரைகுறை இந்தியில் ஆட்டைக் குறிக்கும் 'பக்ரா' என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் கையை ஆட்டி மறுத்தார். "அம்மாஜி, இங்கே கறி கிடையாது." உம்மாவின் முகம் வாடிவிட்டது. பெரியவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஹமீதுத்தீன் கறியே தொடாதவராம். தன் மறைவுக்குப் பிறகு தன் பேரில் ஆக்கிப் போடும் சோற்றிலும் கறி சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவராம். பக்கத்துக் கிராமமான சுவாலில் ஒரு பிகா (அந்தப் பக்கத்து நில அளவு) நிலத்தை அவரே உழுது பயிரிட்டார், ஒரு பசு வளர்த்தார். டெல்லி சுல்தான் 500 வெள்ளித் தங்கா நாணயங்களும் ஒரு கிராமமும் கொடுத்தனுப்பியபோது, வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாவுக்குத் தலையில் போட நல்ல துணிகூட இல்லை, சட்டை நுனியை இழுத்துத் தலையை மூடியிருந்தார்கள். இத்தனை வருஷத்து ஏழ்மையை வீணாக்கப் போகிறீர்களா, இரண்டு சேர் நூல் நூற்று வைத்திருக்கிறேன், உங்களுக்கு வேட்டிக்கும் எனக்கு முக்காட்டுக்கும் அது போதுமே என்றார்கள். வந்த பணமும் கிராமமும் அப்படியே திரும்பிப் போயின.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொம்பளை பேரு என்னன்னு கேளு" என்றார்கள். பெரியவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பாத்திஹா ஓதச் சொன்னார்கள்.

ஆட்டுக்குப் பதில் ஜர்தா என்ற இனிப்புச் சோறு. பக்கத்துச் சந்துச் சமையல்காரர் பத்துக் கிலோ அரிசியில், ஏலக்காயும் கொப்பரைச் செதிலும் போட்டு, மஞ்சள் மஞ்சேளென்று ஆக்கிக் கொடுத்தார். உம்மா முட்டியைப் பொருட்படுத்தாமல் நின்றபடியே எல்லார் தட்டிலும் தன் கையால் வைத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்த பெண்கள் நிறைய. நாகூரிலும் அப்படித்தானே.

வரிசையில் நின்ற ஒரு பெண் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் பாஜ்ரா என்கிற கம்பு ரொட்டியும் சாங்ரி கறியும் போட்டார். சாங்ரி என்பது அந்த வன்னி மரத்தின் காய்தான். பறித்துக் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். உம்மா கால் கிலோ வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். ராத்திரி ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி வேகவைத்து, மோர் ஊற்றிச் சமைக்க வேண்டுமாம். ரயில் ஏறும்வரை அதையே எனக்கு இரண்டு தடவை சொன்னார்கள்.