ஏன் வந்தது என்று மட்டும் பேச வேண்டாம்

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களுக்காக நாங்கள் நடத்தும் குழுவில் ஒரே ஒரு விதிதான் உண்டு. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், யாருக்கு நோய் எதனால் வந்தது என்ற பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம். விதியைப் போட்டது நான்தான். அது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒரு அம்மா அதைப் பற்றிக் கேட்ட கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இடது நுரையீரலின் மேல் மடலை எடுத்திருந்தார்கள். புற்றுச் செல்களை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் கட்டியில் இருந்ததால், அதைத் தடுக்கும் ஆசிமெர்டினிப் மாத்திரை அறுவைக்குப் பிறகு 3 வருடம் தினமும். ஆக, சிகிச்சை முடித்தவர் என்று நாங்கள் பட்டியலில் எழுதினாலும் அவருக்கு எதுவும் முடியவில்லை. நகக்கண் வீங்கிப் புண்ணாகிறது, வயிறு எப்போது கலங்கும் என்று தெரியாததால் வெளியே கிளம்பவே யோசனை. குழுவில் அவருடைய முறை வந்தபோது இது எதையும் சொல்லவில்லை. "நான் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது, எங்க வீட்டுலயும் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை" என்றுதான் ஆரம்பித்தார். பெயரைக்கூட அப்புறம்தான் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் 30 வருடத்துக்கு மேல் புகைத்தவர். நோய் என்று தெரிந்ததும் விட்டவர். அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வந்து, "எனக்குத் தனியா ஒரு நேரம் குடுங்க சிஸ்டர். இவங்க மத்தியில உக்காந்து எனக்கு வலிக்குதுன்னு எப்படிச் சொல்லுவேன், நானா இழுத்துக்கிட்டது" என்றார்.

எந்த வலி என்று கேட்டேன். விலா ஓரத்தில் எரிகிறது, சட்டை உரசினாலே தாங்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை. அறுவை முடிந்து மாதக்கணக்காகிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மார்பைத் திறக்கும் அறுவையில் விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு அடிபட்டால் காயம் ஆறிய பிறகும் இப்படி வலி நீடிக்கும், பலருக்கு நீடிக்கிறது. சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது, நரம்பு வலிக்கான மருந்து வேறு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார். ஒவ்வொரு பரிசோதனையிலும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டிருக்கிறோம், அவரும் "நல்லா இருக்கேன்" என்றிருக்கிறார், ஸ்கேனும் சுத்தமாக இருந்திருக்கிறது. அப்புறம் என்ன, அடுத்த ஆள்.

இந்த நோயில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். தப்பு தன்மேல் என்று நினைப்பவர் உதவி கேட்க மாட்டார். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மாட்டார், சொன்னால் முதலில் என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறியைப் பிடித்தால் மூச்சுத் திணறலின் தவிப்பு குறையும், உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடப் பழகலாம், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் சேரலாம். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு முடிந்து 6 மாதம் வரைக்கும்கூட நுரையீரலில் அழற்சி வரலாம், புதிதாக இருமலோ மூச்சிறைப்போ வந்தால் உடனே வர வேண்டும். இதெல்லாம் எங்கள் கையேட்டில் இருக்கிறது. ஆனால் தனக்கு அதைக் கேட்க அருகதை இல்லை என்று நினைப்பவருக்குக் கையேடு என்ன செய்யும்?

அதனால் அடுத்த கூட்டத்தில் விதியைச் சொன்னேன். யாரையும் பார்க்காமல் பொதுவாகத்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "மூச்சு வாங்குறதைப் பேசலாம், தூக்கம் வராததைப் பேசலாம், ஸ்கேனுக்கு முன்னாடி வர்ற பயத்தைப் பேசலாம். எனக்கு ஏன் வந்துச்சுன்னு மட்டும் பேசக்கூடாதா சிஸ்டர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"இங்கே வேண்டாம்மா, டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன்.

டாக்டரிடம் என்ன கேட்பார்? நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேர் ஒருபோதும் புகைக்காதவர்கள், ஆசியப் பெண்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம் என்று டாக்டர் சொல்வார். 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்ததைச் சொல்வார், ரேடான் வாயு, ஆஸ்பெஸ்டாஸ், அடுத்தவர் விடும் புகை என்று அடுக்குவார், கடைசியில் உங்கள் விஷயத்தில் இதுதான் என்று கைகாட்ட முடியாது என்பார். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும், எல்லாவற்றையும் படித்திருக்கிறார். கேட்க வேண்டும் என்பதில்லை, சொல்ல வேண்டும். நோய் இன்னது என்றதும் எல்லோரும், சொந்தக்காரர்கள் உட்பட, முதலில் கேட்பது "புகை பிடிப்பீங்களா?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனவர். இந்த ஒரு அறையிலாவது யாரும் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறார்.

ஆனால் அவர் அதைச் சொல்லும்போது இன்னொருவருக்குத் தீர்ப்பு மாதிரி விழுகிறதே. நான் அப்படி நினைக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்தாலும் விழத்தான் செய்யும். "நான் தொட்டதே இல்லை" என்ற வாக்கியத்துக்குள் "எனக்கு இது நியாயமில்லை" என்பது இருக்கிறது, அப்படியானால் யாருக்கு நியாயம்? ஒரு அறையில் ஒருவர் பேசினால் மற்றவர் வாயடைத்துப் போகிறார் என்றால், வாயடைத்துப் போனவருக்கு மருந்து கிடைக்காமல் போகிறது என்றால், நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

சக செவிலியர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பரிசோதனை அறையில் ஒவ்வொரு தடவையும் புகையைப் பற்றிக் கேட்கிறோமே, அது மட்டும் குத்தாதா என்றார். அது வேறு. அங்கே கேட்டே ஆக வேண்டும். நோய் தெரிந்த பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு, இரத்தத்தில் சில மாத்திரைகளின் அளவைக்கூடப் புகை குறைத்துவிடும், நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் எர்லோடினிப் அப்படித்தான். நிறுத்த முடியாமல் தவிப்பவருக்கு உதவி வேண்டும், கேட்காமல் எப்படி உதவுவது? இதையெல்லாம் அவரிடம் வேகமாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது அதுவல்ல என்று அப்புறம் தோன்றியது.

அந்த அம்மா அதற்கப்புறம் வந்தார், கொஞ்ச நாள். பேசவும் செய்தார், நகத்தைப் பற்றி, வயிற்றைப் பற்றி. எங்கள் படிவத்தில் என்னென்ன தலைப்பு உண்டோ அதை மட்டும். பிறகு நின்றுவிட்டார். போனில் கூப்பிட்டால் "பேரப்பிள்ளை வந்திருக்கான் சிஸ்டர், அப்புறம் பார்க்கலாம்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

அவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் மாதம் ஒருமுறை தனியாக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். அதில் காரணம் பற்றித் தாராளமாகப் பேசலாம், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்பும் போட்டோம். புகைக்காதவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள். விலா வலிக்காரரும் வந்தார். இப்போது அவருக்கு நரம்பு வலி மருந்து போய்க்கொண்டிருக்கிறது, தூக்கம் பரவாயில்லை. எத்தனை தடவை விட முயன்றார், எப்படி ஒவ்வொரு தடவையும் திரும்பப் போனார், வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நிறுத்தாமல் பேசினார், மற்றவர்களும் பேசினார்கள், நேரம் தாண்டியும் பேசினார்கள். காரணத்தைப் பேசினால் இவர்களுக்கு வலிக்கும் என்றுதானே விதியே போட்டேன்.

அல்லது, புகைக்காதவர் யாரும் அங்கே இல்லாததால்தான் பேசினார்களோ? அப்படியென்றால் விதி சரி. அந்த அம்மாவே அங்கே இருந்து, அவர் காதுபட இவர்கள் இதைப் பேசியிருந்தால்? அது நடக்கவில்லை, அதனால் எனக்குத் தெரியப் போவதுமில்லை. அவருக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டுகிறது. அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது நேரில் கேட்கலாம் என்றிருக்கிறேன், ஆனால் ஸ்கேன் நாளில் அவரிடம் எதைக் கேட்பது, அன்றைக்கு யாருக்குமே எதுவும் காதில் விழாது.