திபேரியா கடற்கரையில் யோவான் 21

திபேரியா கடல் என்றும் வேதம் சொல்லும் கலிலேயாக் கடலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஜெபம். எனக்கு வேறொரு பாரம் இருந்தது. அம்மா, வேதத்தில் சாமுவேலின் தாய் அன்னாளைப் போல அழுது ஜெபித்து என்னைப் பெற்றவர். "தலைப்பிள்ளை கர்த்தருக்கு" என்று பொருத்தனையும் பண்ணியிருந்தார். ஆனால் ஊழியத்துக்குப் போனது தம்பி. நான் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். அப்படியானால் என்னைக் குறித்த தேவசித்தம் என்ன? எத்தனையோ இரவு வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது.

அம்மாவோடு போன பரிசுத்த பூமிப் பயணத்தில் முதல் சில இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. பஸ்ஸில் ஏறு, இறங்கு, போட்டோ எடு, மறுபடி ஏறு. வாசலுக்கு வாசல் ஒலிவமரச் சிலுவையையும் யோர்தான் தண்ணீர் பாட்டிலையும் கையில் திணிக்கிறார்கள். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். ஆண்டவர் நடந்த மண்ணில் நின்று ஒரு ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லையே என்று வேதனையாக இருந்தது.

அப்புறம் தாப்கா வந்தது. கடலின் வடமேற்குக் கரை. பிரான்சிஸ்கன் துறவிகள் 1933இல் கருங்கல்லால் கட்டிய சிற்றாலயம். உள்ளே பீடத்தின் முன்னால் தரையிலிருந்து எழும்பி நிற்கிறது ஒரு பெரிய பாறை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்கு மீனும் அப்பமும் கொடுத்த இடம் என்பது பாரம்பரியம்; கிறிஸ்துவின் மேசை என்கிறார்கள். முன்னால் ஒரு குழு, பின்னால் ஒரு குழு, நடுவில் நாங்கள். அம்மாவால் முழங்கால் மடக்க முடியாது. என் தோளைப் பிடித்தபடி குனிந்து, உள்ளங்கையை அந்தக் கரடுமுரடான பாறைமேல் விரித்து வைத்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. பின்னால் இருந்தவர்கள் நெருக்கியும் கையை எடுக்கவில்லை.

வெளியே தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லில் அவரை உட்கார வைத்து, யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். இராமுழுவதும் ஒன்றும் அகப்படாத வலை, 153 மீன், கரையில் கரிநெருப்பு. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் சீஷன் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். அவனுக்கு மறுபடியும் அப்படியொரு நெருப்பை மூட்டி வைத்து, முதலில் சாப்பிடச் சொல்லி, அதற்குப் பிறகுதான் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார் ஆண்டவர், பாருங்கள்! மூன்று தரம் கேட்டு, ஆடுகளையும் ஒப்படைத்துவிட்டு, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கும் கொண்டுபோகப்படுவாய் என்று சொல்கிறார். பேதுரு திரும்பி, இன்னொரு சீஷனான யோவானைப் பார்க்கிறான். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?"

அதற்கு மேல் எனக்குக் குரல் எழும்பவில்லை.

"ஏம்மா நிறுத்திட்ட? வாசி," என்றார் அம்மா.

"உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."

எத்தனை முறை வாசித்த வசனம்! என் தம்பியின் முகம்தான் கண்முன் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன்னை அவருக்குன்னு குடுத்தேன். பிரசங்கியாராக்கும்னு நான் எப்ப ஜெபிச்சேன்?"

"நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிற எரேமியா 29:11ஐ வாக்குத்தத்த வசனமாக வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. தினசரி வேலையும் அவருடைய நினைவுகளுக்குள்தான் இருக்கிறது. பேதுருவுக்கும் முழுத் திட்டத்தை விரித்துக் காட்டவில்லையே. வலையை விட்டு வந்த நாளில் சொன்ன அதே அழைப்பைத்தான் அதே கடலோரத்தில் திரும்பவும் சொன்னார்.

அதற்குப் பிறகு கப்பர்நகூம் போனோம், எருசலேமும் போனோம். வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நன்றிதான் வருகிறது. அம்மாவின் முழங்காலுக்குப் பெலன் தந்தீரே, ஸ்தோத்திரம். என் கையில் தந்த கணக்குப் புத்தகத்துக்காகவும், தம்பியின் ஊழியத்துக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே.

தாப்கா போகிறவர்கள் அரைமணி நேரமாவது வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். யோவான் 21ஐ அந்தக் கரையிலேயே உட்கார்ந்து, 22ஆம் வசனத்தையும் விடாமல், சத்தமாக வாசியுங்கள்.