தை பிறப்பதற்குள்

டிசம்பர் 21, 2024
அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறோம். பரணில் இருந்ததெல்லாம் இறக்கியாயிற்று. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஈயச்சொம்பைக் காணோம்.

டிசம்பர் 23
பழைய பாத்திரம் எடுப்பவர் தராசோடு வந்தார். எவர்சில்வர் தனி, பித்தளை தனி. ஒவ்வொன்றையும் விளிம்பு பார்த்துத்தான் கொடுத்தேன். தாத்தா பெயர், அத்தையின் கல்யாணத் தேதி, யாரோ வைத்த 'அன்பளிப்பு'. பெயர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போடக் கை வரவில்லை. "அக்கா, உன் ஃப்ளாட் சமையலறை எவ்வளவு பெரிசு, யோசி" என்றான் தம்பி. யோசித்தேன். அத்தையின் தூக்குவாளியை மட்டுமாவது எடுத்துக்கொள்வேன்.

டிசம்பர் 24
அம்மா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாளாம்.

டிசம்பர் 28
கடுகு டப்பாவுக்கு அடியில் துணியில் சுற்றிய நான்கு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அம்மாவின் சிறுவாடு. 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்று சொன்னதும் அப்பா அடுக்களை டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். வங்கிக் கணக்கில் போட டிசம்பர் 30 வரை நேரம் இருந்தது. அப்போதும் இதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. யாருக்காகச் சேர்த்தாள்? எனக்கா? அப்பாவுக்குத் தெரியாமல் பாட்டிக்கு அனுப்பவா? இனிக் கேட்டாலும் பதில் வராது. பத்து நோட்டு வரை வைத்திருக்கச் சட்டம் விடுகிறது. வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 4, 2025
தெருவில் "பழைய பட்டுப்புடவை" என்று குரல். அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்கு மடிப்பு இற்றுக் கிடக்கிறது, இனி யாரும் உடுத்த முடியாது. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, அசல் வெள்ளி என்றார் அவர். எரித்துத்தான் வெள்ளியைப் பிரிப்பார்களாம். கேட்டதும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு. முந்தானையை மட்டும் வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போடலாம் என்கிறாள் என் மகள். அதில் கத்தரிக்கோல் படக்கூடாது.

ஜனவரி 6
அம்மா போனில் தெளிவாகப் பேசினாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரசத்துக்குச் சொம்பு எடுத்து வெச்சியா? தண்ணி ஊத்தாம அடுப்புல ஏத்திடாதே, உருகிடும்." எடுத்து வைத்துவிட்டேன் என்றேன்.

ஜனவரி 9
சாமி அலமாரி, கொல்லைக் கொட்டகை, ட்ரங்குப் பெட்டி. எங்கும் இல்லை.

ஜனவரி 13, போகி
கிழிந்த கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் போதும் தீக்கு. கடிதக் கட்டையும் போகட்டும் என்றான் தம்பி. எல்லாம் இன்லண்டு லெட்டர், ஒட்டும் மடிப்பில்கூட அப்பா நுணுக்கி எழுதியிருக்கிறார். என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு இடத்தை அடைத்துவிடும் இது?

ஜனவரி 18
ஆசாரி பொங்கல் கழித்து வந்தார். நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் முழுசாக வாசலைத் தாண்டாது, அடுக்கடுக்காகக் கழற்றுகிறார். அத்தை வீட்டில் ஒரு ஈயச்சொம்பு இருக்கிறது என்று சித்தி சொல்கிறாள். அடியில் நெளிந்திருக்குமாம். நம்முடையதில் நெளிவு இருந்ததா? தம்பிக்கு ஞாபகம் இல்லை. காலை முதல் பஸ்ஸில் மன்னார்குடி போகிறேன்.