ஜூலைக் குறிப்புகள், கல்லிடைக்குறிச்சி

ஜூலை 4
குற்றாலத்துச் சாரல் இங்கே வரை எட்டிவிட்டது. அப்பளம் காயவில்லை. மகள் மாடியை விட்டு இறங்கவில்லை.

ஜூலை 6
படப்பிடிப்புக்காகத் தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிவிட்டார்கள். "போனில் யாரும் படம் எடுக்கக் கூடாது, சாருக்குத் தனிமை வேண்டும்" என்று கறுப்புச் சட்டைக்காரர் வீடு வீடாகச் சொல்லிப் போனார். சாயங்காலம் அவருடைய ஆட்களே நிருபர்களைக் காரில் அழைத்துவந்தார்கள். தாமிரபரணிக் கரையில் நடிகர் தனியாக நடந்தார். பத்துப் பேர் படம் எடுத்தார்கள். தனியாக நடப்பதற்கு எவ்வளவு ஆள் வேண்டியிருக்கிறது!

ஜூலை 7
சம்பந்தி வீட்டிலிருந்து போன் இல்லை.

ஜூலை 9
எதிர்வீட்டு மதினி உறைமோர் கேட்டு வந்தாள். வந்தது அதற்கில்லை. டிவியில் இந்த நடிகரின் விவாகரத்து அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது: எங்கள் அந்தரங்கத்தை மதியுங்கள். கல்யாணத்தை ஓடிடிக்கு விற்றவர்தான். "பாவம், அவர்களை நோண்டக் கூடாது" என்றாள் மதினி. அதே மூச்சில், "மாப்பிள்ளை எப்போது வருகிறார்? தாலி கழுத்தில்தானே இருக்கிறது?" என்று மாடிப்படியைப் பார்த்தாள்.

ஜூலை 10
தூக்கம் இல்லை. மதினியை நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் கிளம்பினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003-இல், கடற்கரை அரிப்பைப் பதிவு செய்ய எடுத்த படங்களில் தன் வீடும் தெரிகிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டாராம். அதுவரை அந்தப் படத்தை இணையத்திலிருந்து இறக்கியவர்கள் ஆறே பேர். அதில் இருவர் அவருடைய வக்கீல்கள். வழக்குக்குப் பிறகு ஒரே மாதத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். வழக்கும் தோற்றுப்போயிற்று. "நீங்கள் கத்தினால் தெரு முழுக்க வந்து நிற்கும், அம்மா" என்றாள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் விடவில்லை. "அது அரசாங்கத்துக்குச் சொன்னது. மதினிக்கு இல்லை." சிரித்தாள். எத்தனை நாளாயிற்று!

நடிகருக்கும் அழ ஓர் அறை வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த நாளில் கதவைத் திறப்பது, எவ்வளவுக்குத் திறப்பது என்று அவரே முடிவு செய்கிறார். எங்கள் கதவை யாரும் தட்டுவதுகூட இல்லை, நேரே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

ஜூலை 11
வெயில். அப்பளம் நன்றாகக் காய்ந்தது.

ஜூலை 13
மாப்பிள்ளையின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். தெருப் பெரியவர்கள் இருவரை வைத்துத்தான் பேசுவாராம். மகள் முடியாது என்றுவிட்டாள். நாளை முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய் வக்கீலைப் பார்க்கிறோம். மதினி வாசல் தெளிக்க வருவதற்குள் கிளம்ப வேண்டும்.