தூரத்தில் வளரும் மகனுக்கு ஒரு பிறந்தநாள்

தத்தெடுக்கக் காத்திருக்கும் பிள்ளையின் பிறந்தநாளை, பிள்ளை கைக்கு வந்து சேராத நிலையில் எப்படிக் கொண்டாடுவது என்று சொல்லித்தர எங்களுக்கு எவரும் இருக்கவில்லை. நானும் கணவரும் ரொறன்ரோவில் வசிக்கிறோம். மகன் இந்தியாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறான். அவனுடைய கோப்பைப் படித்துச் சம்மதம் தெரிவித்துவிட்டு, தத்தெடுப்பைக் கவனிக்கும் இந்திய மத்திய அதிகாரசபையின் தடையில்லாச் சான்றிதழுக்காகக் காத்திருந்த காலத்தில், அம்மாவின் சுகவீனம் காரணமாக நான் திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அவனுக்கு நான்கு வயது நிறைந்த நாள் அங்கேதான் வந்தது.

பேரனின் படத்தை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், அரசின் பராமரிப்பிலுள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் விவரங்களையும் படத்தையும் வெளியிடுவதைத் தடைசெய்கிறது என்பதை விளக்கி, அவருக்கு மட்டும் காட்டினேன். இல்லத்துக்கு நேரடியாகப் பணமோ பரிசோ அனுப்பக்கூடாது என்று எங்கள் முகவர் நிறுவனமும் அறிவுறுத்தியிருந்தது. தத்தெடுப்பின் பெயரால் எவரும் முறைகேடான ஆதாயம் பெறக்கூடாது என்பது, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் அடிப்படைகளில் ஒன்று. மகனுக்கு ஒரு கேக் வாங்கிக்கொடுக்கவும் வழியில்லையே என்று நெஞ்சு கனத்தது உண்மைதான். ஆனால் 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டதையும், அவர்களில் பலருடைய ஆவணங்கள் பொய்யானவை என்று பின்னர் தெரியவந்ததையும், பெற்ற தாயென்று வேறு பெண்களை நிறுத்திக் கையொப்பம் வாங்கியதையும் அறிந்த எனக்கு, அந்த விதிகள் என் மகனுக்கான காவலாகவே தோன்றின. இலங்கை 1995இலும் இந்தியா 2003இலும் அந்த உடன்படிக்கையில் இணைந்தன.

காலையில் கோணேசர் கோவிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். கோப்பிலுள்ள பிறந்த திகதி மருத்துவர் வயதைக் கணித்து எழுதியது. அதை வைத்து நட்சத்திரம் பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. குருக்களிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "சுவாமி பேருக்கே செய்வம், பிள்ளையை நீங்கள் மனசில நினையுங்கோ" என்றார்.

அன்றைய நாளின் பெரும்பகுதி ஒரு படத்தொகுப்பைத் தயாரிப்பதில் கழிந்தது. காத்திருக்கும் பெற்றோர் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் முகங்கள் பிள்ளைக்கு முன்கூட்டியே பழகட்டும். நிறுவனத்தின் ஊடாக இத்தகைய தொகுப்பை அனுப்ப எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. எங்கள் இருவரின் முகமும் பெரிதாகத் தெரியும் படங்கள், ரொறன்ரோ வீட்டில் அவன் தூங்கப்போகும் கட்டில், அம்மம்மா அன்று சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த சமையலறை, திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் சாவகாசமாக மேயும் புள்ளிமான்கள் ஆகியவற்றைச் சேர்த்தேன். பக்கத்துக்கு ஒரு படமும், பராமரிப்பவர் வாசித்துக்காட்டத்தக்க ஒற்றை வரியும் போதும். எப்போது வருவோம் என்று திகதி குறிப்பிட்டு எழுதவில்லை. தாமதமானால் அவன் ஏமாந்துபோவான், அவனுக்கு ஏற்கெனவே ஏமாற்றங்கள் உண்டு.

ஊர் வழக்கப்படி சிறுவர் இல்லமொன்றுக்கு மதிய உணவு கொடுக்கலாம் என்றார் அக்கா. கொடுத்தோம், ஆனால் பிறந்தநாள் என்று சொல்லவில்லை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுக்கவும் இல்லை. வேறொரு பிள்ளைக்குக் குடும்பம் கிடைக்கப்போகும் மகிழ்ச்சியை, குடும்பத்துக்காக ஏங்கும் பிள்ளைகளின் முன்னால் காட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. இதில் அக்காவுக்கும் எனக்கும் இன்றும் உடன்பாடில்லை.

மாலையில் கணவரைக் காணொளி அழைப்பில் இணைத்துக்கொண்டு விளக்கேற்றி, பொங்கலைப் பகிர்ந்து, ஒவ்வொருவரும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். எழுத வாசிக்கத் தெரியும் வயதில் அவனிடம் கொடுப்பதற்காக அவற்றைத் திகதியிட்டு வைத்திருக்கிறேன். தடையில்லாச் சான்றிதழ் அதன் பின்னர் வந்துவிட்டது. இனி மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணையும், அதைத் தொடர்ந்து கடவுச்சீட்டும் விசாவும் கிடைக்கவேண்டும். படத்தொகுப்பு அவன் கையில் சேர்ந்ததாகவும், மான்கள் இருக்கும் பக்கத்தையே அவன் திரும்பத் திரும்பக் கேட்பதாகவும் நிறுவனம் அறிவித்திருக்கிறது.